டிகிரி முடிச்சாச்சு, ஸ்கூல் ஃபீல்டுக்கு வரணும்: டீச்சர்ல இருந்து ஹெச்.எம். வரைக்கும் எப்படி போறது?

காலேஜ் முடிச்சுட்டு "எனக்கு எஜுகேஷன்லதான் வேலை பாக்கணும், பின்னாடி ஒரு ஸ்கூலையே நடத்துற இடத்துக்கு வரணும்"னு சொல்றவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா அவங்கள்ல பாதி பேர் முதல்ல கேக்குறது "எந்த கோர்ஸ் படிச்சா சீக்கிரம் பிரின்சிபால் ஆகலாம்?"ங்கிறதுதான். அப்படி ஒரு கோர்ஸ் கிடையாதுங்க. டீச்சரா இருக்கும்போது உங்க கிளாஸ் ஒழுங்கா நடந்தா போதும், ஹெச்.எம். ஆனப்புறம் நீங்க கால் வைக்காத முப்பது கிளாஸ் ஒழுங்கா நடக்கணும், ரெண்டுக்கும் வேண்டிய திறமை வேற வேற. இன்னொருத்தர் எடுக்குற பாடத்த நல்லாக்க உதவத் தெரியணும், அதுதான் மெயின். டைம்டேபிள், பட்ஜெட், பேரன்ட்ஸ், இன்ஸ்பெக்‌ஷன்னு மத்ததெல்லாம் அதுக்கு இடம் பண்ணிக் குடுக்குற வேலைங்க.

இது என்னோட சொந்த சரக்கு இல்ல. கென்னத் லெய்த்வுட் குழு 2004ல ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பாத்துட்டு, பள்ளிக்குள்ள இருக்குற விஷயங்கள்ல பசங்க படிப்ப அதிகமா பாதிக்கிறது கிளாஸ்ல நடக்குற பாடம், அதுக்கு அடுத்த இடம் தலைமைக்குன்னு சொன்னாங்க. நியூசிலாந்துல விவியன் ராபின்சன் குழு 2008ல, தலைமைன்னா எந்தத் தலைமை, ஹெச்.எம். செய்யுற வேலைகள்ல எதுக்கு பலன் ஜாஸ்தின்னு பிரிச்சுப் பாத்தாங்க. முதல்ல வந்தது டீச்சர்ஸ் கத்துக்கிறதுக்கு வழி பண்ணி, தானும் கூட உக்காந்து கத்துக்கிறது. எஃபெக்ட் சைஸ், அதாவது பலன் எவ்வளவு பெருசுன்னு காட்டுற அளவு, 0.84, இந்த மாதிரி ஆய்வுகள்ல அது ரொம்பப் பெரிய நம்பர். ட்ரெய்னிங் ஹால்ல குத்துவிளக்கு ஏத்திட்டு "நீங்க கன்டினியூ பண்ணுங்க"ன்னு கிளம்பிடுற ஹெச்.எம். இந்தக் கணக்குல வரமாட்டாரு.

சரி, ஆரம்பத்துல இருந்து போவோம்.

லைசென்ஸ், அதாவது பாடம் நடத்துற தகுதி

இது நாட்டுக்கு நாடு மாறும், அதனால எங்க வேலை பாக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கோர்ஸ் சேருங்க. தலைகீழா செஞ்சுட்டு "என் சர்டிபிகேட்ட இங்க ஏத்துக்க மாட்டேங்கிறாங்க"ன்னு அலையுறவங்கள நிறைய பாத்தாச்சு.

இந்தியாவுல டிகிரிக்கு மேல பி.எட். ரெண்டு வருஷம், ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் எடுக்கணும்னா டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வும் பாஸ் பண்ணிருக்கணும். டெட்டுல பேப்பர் ஒண்ணு 1 முதல் 5 வகுப்புக்கு, பேப்பர் ரெண்டு 6 முதல் 8க்கு, 150 மார்க்கு, பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம் எடுத்தா பாஸ். முன்னாடி அந்த சர்டிபிகேட் ஏழு வருஷம்தான் செல்லும், 2021ல அத ஆயுசுக்கும் செல்லும்னு மாத்திட்டாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், பி.எட். வச்சுக்கிட்டு ப்ரைமரி டீச்சர் ஆகலாம்னு நினைச்சா அது இப்ப நடக்காது, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அத செல்லாதுன்னு சொல்லிடுச்சு, ப்ரைமரிக்கு அதுக்குன்னே இருக்குற டிப்ளோமா வேணும். சின்னப் பசங்களுக்குத்தான் எடுக்க ஆசைன்னா கோர்ஸ் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே இத யோசிச்சிருங்க.

இலங்கையில டிகிரியோட ஆசிரியர் சேவைக்குள்ள வந்து பட்டப்பின் கல்வி டிப்ளோமா பண்றவங்க அதிகம், தலைமைக்குன்னு இலங்கை அதிபர் சேவைன்னு தனி சேவையே இருக்கு, அதுக்குப் போட்டிப் பரீட்சை எழுதணும். சிங்கப்பூர்ல கல்வி அமைச்சே ஆள் எடுத்து தேசிய கல்விக் கழகத்துல படிக்க வைக்கும், அங்க ஒரு நல்ல ஏற்பாடு என்னன்னா டீச்சிங், லீடர்ஷிப், ஸ்பெஷலிஸ்ட்னு மூணு ட்ராக் தனித்தனியா இருக்கு, கிளாஸ விட்டுப் போகாமலே பதவி உயர்வு வாங்கலாம். இங்கிலாந்துல க்யூ.டி.எஸ்.ங்கிற டீச்சர் தகுதி, அதுக்கப்புறம் 2021ல இருந்து வேலை பாத்துக்கிட்டே கத்துக்குற ரெண்டு வருஷ இன்டக்‌ஷன். ஹெச்.எம். ஆகுறதுக்கு என்.பி.க்யூ.ஹெச்.னு ஒரு தலைமைத் தகுதி ஒரு காலத்துல அங்க கட்டாயமா இருந்துச்சு, 2012ல எடுத்துட்டாங்க, ஆனாலும் இன்டர்வியூல அதுக்கு மதிப்பு இருக்கு. ஃபின்லாந்துல 1979ல இருந்தே டீச்சருக்கு மாஸ்டர்ஸ் டிகிரி வேணும்.

லைசென்ஸ் படிக்க ஒண்ணு ரெண்டு வருஷம் போகுமேன்னு தயங்குறவங்களுக்கு ஃபெலோஷிப்னு ஒரு வழி இருக்கு, டிகிரி முடிச்சவங்கள எடுத்து நேரா கிளாஸுக்கு அனுப்புற அமைப்புங்க இத நடத்துறாங்க. அமெரிக்காவுல டீச் ஃபார் அமெரிக்கா 1990ல முதல் பேட்ச அனுப்புச்சு, இங்கிலாந்துல டீச் ஃபர்ஸ்ட் 2002ல, டீச் ஃபார் இந்தியா 2009ல வந்துச்சு, பொதுவா ரெண்டு வருஷம் கிளாஸ்ல முழுநேரம் இருக்கணும். இது உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுக்க நல்ல வழி. ஆனா இந்த ரெண்டு வருஷத்த மட்டும் காட்டி "நான் ஸ்கூல் லீடர்"னு ரெஸ்யூமேல போட்டுக்காதீங்க, ஸ்டாஃப் ரூம்ல இருபது வருஷமா இருக்குறவங்க சிரிச்சிருவாங்க.

முதல் ஸ்கூல தேர்ந்தெடுக்கிறது

சம்பளம் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா முதல் வேலைக்கு நான் அதைவிட மேல வைக்கிறது, அங்க உங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இருக்காங்களாங்கிறது. இன்டர்வியூ முடிவுல "ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேப்பாங்க இல்ல, அப்ப "புதுசா வர்ற டீச்சரோட கிளாஸ யாராவது வந்து பாப்பாங்களா சார், எத்தன நாளைக்கு ஒரு தடவ?"ன்னு கேளுங்க. "ஆமா, மாசத்துக்கு ஒரு தடவ டிபார்ட்மென்ட் ஹெட் வந்து உக்காந்து பேசுவாங்க"ன்னா நல்ல இடம். "அதெல்லாம் உங்க மேல முழு நம்பிக்கை இருக்கும்மா"ன்னு சொன்னா, வருஷம் பூரா யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, ரிசல்ட் வந்த அன்னைக்கு மட்டும் கூப்பிட்டு கேப்பாங்கன்னு அர்த்தம். வாரத்துக்கு எத்தன பீரியட், எத்தன செக்‌ஷன், எத்தன விதமான பாடத்துக்கு தயார் பண்ணணும்னும் கேட்டுக்கங்க. ஒரே எட்டாவதுல நாலு செக்‌ஷன் எடுக்குறதும், ஆறு ஏழு எட்டு ஒன்பதுன்னு நாலு கிளாஸ் எடுக்குறதும் பீரியட் கணக்குல ஒண்ணுதான், ராத்திரி தூக்கத்துல ஒண்ணு கிடையாது.

டெமோ கிளாஸுக்கு இருபது நிமிஷம் குடுப்பாங்க, அதுல ஒரு சேப்டர முடிச்சுக் காட்ட வேண்டாம். ஒரே ஒரு கான்செப்ட், ஒரு கேள்வி, பசங்க பண்றதுக்கு ஒரு சின்ன வேலை, கடைசில புரிஞ்சுதான்னு ஒரு செக். பேனல்ல உக்காந்திருக்குறவங்க பாக்குறது உங்க இங்கிலீஷ மட்டும் இல்லங்க, தப்பா பதில் சொன்ன பையன்கிட்ட நீங்க என்ன பேசுறீங்கன்னு பாப்பாங்க.

முதல் மூணு வருஷம்: லீடர்ஷிப்ப மறந்துருங்க

இத நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க, ஆனாலும் சொல்றேன். முதல் மூணு வருஷம் கோஆர்டினேட்டர், இன்சார்ஜ் எதுவும் தேடிப் போகாதீங்க. நீங்களே ஒரு கிளாஸ நல்லா நடத்தத் தெரியாம இன்னொருத்தருக்கு என்ன சொல்லப் போறீங்க? சொன்னாலும் யாரு கேப்பா?

இந்தக் காலத்துல கத்துக்க வேண்டியது பெரும்பாலும் ரொம்பச் சின்ன விஷயங்கள்தான். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்ல கிளாஸ் டேப்பையெல்லாம் உக்காந்து கேட்டுப் பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்குறது சராசரியா ஒரு செகண்டுதான், அதுக்குள்ள தாங்களே பதில சொல்லிடுறாங்க, இல்ல வேற பையன்கிட்ட போயிடுறாங்க. அத மூணு செகண்டா ஆக்குனா பசங்க பதில் நீளமாச்சு, பேசாத பசங்களும் பேச ஆரம்பிச்சாங்க. மூணு செகண்ட்தானேன்னு தோணும், நாப்பது பேர் உங்களையே பாத்துட்டு இருக்கும்போது அந்த மூணு செகண்ட் சும்மா நின்னு பாருங்க, தெரியும்.

அதே மாதிரி நோட்டு திருத்துறது. ரூத் பட்லர் 1988ல பண்ண ஆய்வுல, மார்க் மட்டும் வாங்குன பசங்க முன்னேறல, கமென்ட் மட்டும் வாங்குனவங்க முன்னேறுனாங்க, மார்க்கும் கமென்ட்டும் சேத்து வாங்குனவங்க மார்க் மட்டும் வாங்குனவங்க மாதிரியே நின்னுட்டாங்க. மார்க்க பாத்தவுடனே கமென்ட்ட யாரும் படிக்கிறது இல்ல, நாமளும் படிச்சது இல்லையே. ஸ்கூல் ரூல்ல மார்க் போட்டே ஆகணும்னா கமென்ட்ட முதல்ல குடுத்து, பசங்க திருத்திட்டு வந்தப்புறம் மார்க்க சொல்லுங்க.

இந்த மூணு வருஷமும் ஒரு ஃபைல் வச்சுக்கங்க. அழகா டைப் பண்ண லெசன் ப்ளான் எல்லாம் அதுல வேண்டாம். டெர்ம் ஆரம்பத்துல பசங்க எழுதுன ஒரு பதில், அதே பையன் டெர்ம் முடிவுல எழுதுனது, நடுவுல நீங்க என்ன மாத்துனீங்கன்னு ரெண்டு வரி, இது போதும். பின்னாடி எந்த இன்டர்வியூக்குப் போனாலும் உங்க ஃபைல்தான் தனியா தெரியும், மத்தவங்க எல்லாம் ட்ரெய்னிங் சர்டிபிகேட்டா அடுக்கி வச்சிருப்பாங்க.

நாலாவது வருஷத்துல இருந்து எந்தப் பொறுப்ப வாங்குறது

ஸ்கூல்ல பொறுப்புங்க ரெண்டு ரகம். ஒண்ணு உங்கள களைப்பாக்கும், இன்னொண்ணு உங்களுக்குக் கத்துக்குடுக்கும், சில சமயம் ரெண்டும் சேந்தே வரும். ஆண்டு விழா பொறுப்பு, டெக்கரேஷன், ஸ்டேஜ், போட்டோ, இதெல்லாம் சுறுசுறுப்பான சின்ன வயசு டீச்சர் தலையிலதான் விழும், அஞ்சு வருஷம் செஞ்சாலும் ஸ்கூல் எப்படி ஓடுதுன்னு ஒரு அடி கூட ஜாஸ்தியா தெரியாது. ஒரு வருஷம் செய்யுங்க, மரியாதையா கைமாத்திருங்க.

நான் யாருக்கும் கண்ண மூடிக்கிட்டு சொல்றது டைம்டேபிள். எல்லாரும் பயந்து ஓடுற வேலை, அதனால கேட்டவுடனே குடுத்துருவாங்க. ஸ்கூலோட எக்ஸ்ரே அதுதான். ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு நாளைக்கு 8 பீரியட், வாரத்துக்கு 5 நாள், அப்ப ஒரு செக்‌ஷனுக்கு 40. பன்னெண்டு செக்‌ஷன் இருந்தா 480 பீரியட்ட யாராவது எடுத்தாகணும். ஒரு டீச்சருக்கு வாரத்துக்கு 28னு வச்சா, 17 பேர் பத்தாது, 18 பேர் வேணும். 18 பேரோட மொத்தக் கொள்ளளவு 504, உபரி வெறும் 24. இப்ப ரெண்டு டீச்சர் ஒரே வாரத்துல மூணு நாள் லீவு போட்டா 34 பீரியட் கிட்ட காலியாகும், உபரி தாங்காது. மிச்சம் எங்க இருந்து வரும்? மத்த டீச்சருங்களோட ஃப்ரீ பீரியட்ல இருந்து, அதாவது அவங்க நோட்டு திருத்துற நேரத்துல இருந்து. அப்ப அந்த வாரம் நோட்டு திரும்பி வராது, பேரன்ட்ஸ் கேப்பாங்க, டீச்சர் எரிச்சலாவாங்க, நீங்க ஹெச்.எம். ரூம்ல உக்காந்துக்கிட்டு "ஏன் இங்க ஸ்டாஃப் மொராலே சரியில்ல"ன்னு யோசிச்சுட்டு இருப்பீங்க. பதில் அந்த 24ல இருக்கு.

போடும்போது வரிசை முக்கியம். முதல்ல அசைக்க முடியாதத வைங்க: வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வர்ற பார்ட் டைம் டீச்சர், ஒரே ஒரு லேப், ஒரே கிரவுண்டு, ரெண்டு செக்‌ஷன் சேந்து பிரியுற மொழிப் பாடம். அப்புறம் டபுள் பீரியட் வேணுங்கிற ப்ராக்டிகல். அதுக்கப்புறம்தான் தினமும் வர்ற மேக்ஸ், லாங்குவேஜ். ஒரே செக்‌ஷனுக்கு மேக்ஸ் எல்லா நாளும் கடைசி பீரியட்ல விழுந்துச்சுன்னா அந்தப் பசங்க வருஷம் பூரா தூங்கிக்கிட்டே மேக்ஸ் படிப்பாங்க, சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாலும் இத மனுஷன் கண்ணுதான் பாக்கணும். முடிஞ்சா ஒரே சப்ஜெக்ட் டீச்சருங்க எல்லாருக்கும் வாரத்துல ஒரு பீரியட் ஒண்ணா ஃப்ரீயா விட்டுப் பாருங்க. சேந்து உக்காந்து பாடம் பேச நேரம் இல்லைன்னு எல்லா ஸ்கூல்லயும் புலம்புவாங்க, அந்த நேரத்த உருவாக்குற அதிகாரம் டைம்டேபிள் போடுறவர் கையிலதான் இருக்கு.

டைம்டேபிளுக்கு அடுத்து எக்ஸாம் செல், அப்புறம் சப்ஜெக்ட் ஹெட். எக்ஸாம் செல்லுல கேள்வித்தாள் எப்படி எடுக்குறது, மார்க்க எப்படிப் படிக்கிறதுன்னு தெரியும். சராசரி மட்டும் பாக்காதீங்க, எந்தக் கேள்விய பாதி கிளாஸுக்கு மேல விட்டுருக்குன்னு பாருங்க, அது பசங்களப் பத்தி சொல்றத விட பாடம் எடுத்த விதத்தப் பத்தி சொல்லும்.

அடுத்தவங்க கிளாஸ்ல போய் உக்காருறது

நான் முதல்ல சொன்ன மெயின் திறமை இதுதான், அதனால இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன்.

ஜப்பான்ல ஜுக்யோ கென்க்யூன்னு ஒரு பழக்கம், நூறு வருஷத்துக்கு மேலயே இருக்கு. டீச்சருங்க சேந்து ஒரு பாடத்த தயார் பண்ணுவாங்க, ஒருத்தர் எடுப்பாரு, மத்தவங்க சுத்தி நின்னு பசங்கள கவனிப்பாங்க, முடிஞ்சப்புறம் உக்காந்து பேசுவாங்க. அங்க பேச்சு பாடத்தப் பத்தி, எடுத்த ஆளப் பத்தி இல்ல. நம்ம பக்கம் அப்சர்வேஷன்னாலே இன்ஸ்பெக்‌ஷன்தான், ஃபார்ம எடுத்துட்டு வந்து பின்னாடி உக்காந்து குரல் 4 மார்க், போர்டு ஒர்க் 3 மார்க்னு போட்டுட்டு போறது. அதுல யாருக்கு என்ன லாபம்?

வேற மாதிரி செய்யலாம். உதாரணத்துக்கு நீங்க சப்ஜெக்ட் ஹெட், உங்களவிட பதினைஞ்சு வயசு மூத்த மேக்ஸ் சார் கிளாஸ்ல உக்காருறீங்கன்னு வைங்க. ஃபார்ம் எதுவும் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள்ல சீட்டிங் படம் போட்டுக்கங்க, யாரு பதில் சொல்றாங்களோ அந்தக் கட்டத்துல ஒரு டிக். நாப்பது நிமிஷம் முடிஞ்சா படம் தானா பேசும். டிக் எல்லாம் முதல் ரெண்டு பெஞ்ச்ல, ஜன்னல் ஓரம் மொத்தமா காலி. அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்கும்போது வேண்டாம், தனியா போய்:

"சார், கேள்வி நிறைய கேட்டீங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சுச்சு. யாரு யாரு பதில் சொன்னாங்கன்னு குறிச்சேன், கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவர் தாள வாங்கிப் பாத்துட்டு, "என்னம்மா இது, ஜன்னல் ஓரம் ஒருத்தன் கூட வாயத் திறக்கலையா?"

"இன்னைக்கு திறக்கல சார்."

"அவனுங்களுக்குத் தெரியாதும்மா. கேட்டா நேரம்தான் போகும், போர்ஷன் யாரு முடிக்கிறது?"

"சரிதான் சார். கேள்விய கேட்டுட்டு எல்லாரையும் நோட்டுல எழுதச் சொல்லிட்டா? நீங்க அப்படியே நடந்து போய் அந்தப் பக்கம் ரெண்டு நோட்ட மட்டும் பாத்தா போதும், வாயத் திறந்து கேக்க வேண்டாம். ரெண்டு நிமிஷம்தான் ஆகும்."

"ம்ம்... பாக்கலாம்."

"வியாழக்கிழமை மூணாவது பீரியட் நான் ஃப்ரீ சார், வந்து உக்காரட்டுமா?"

"வாம்மா, அதுக்கென்ன."

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, "நீங்க முதல் பெஞ்ச மட்டும்தான் பாக்குறீங்க சார்"னு நீங்க சொல்லவே இல்ல, அவரே பாத்துட்டாரு. போர்ஷன் கவலைய மறுத்துப் பேசல, அதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரே ஒரு மாத்தத்தக் கேட்டீங்க. திரும்ப வர்ற நாளையும் சொல்லிட்டீங்க, இல்லைன்னா அந்த "பாக்கலாம்" அப்படியே பறந்துரும். ஒரே நேரத்துல ஏழு சஜஷன் குடுக்குறவர் ஒண்ணையும் குடுக்கலைன்னுதான் அர்த்தம்.

இத ஆரம்பிக்க பதவி எதுவும் வேண்டாம். உங்க வயசுல ஒரு டீச்சரோட பேசி வச்சுக்கங்க, பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவ நீங்க அவங்க கிளாஸ், அவங்க உங்க கிளாஸ். முதல்ல உங்க கிளாஸுக்கு வரச் சொல்லுங்க, அப்பதான் நம்பிக்கை வரும்.

பேரன்ட்ஸ், பாதுகாப்பு, பணம்

கோபமா வர்ற பேரன்ட்கிட்ட முதல் அஞ்சு நிமிஷம் விளக்கம் எதுவும் சொல்லாதீங்க. அவங்க சொன்னத எழுதிக்கங்க, திரும்பப் படிச்சுக் காட்டி "இது சரிதானே?"ன்னு கேளுங்க, எப்ப பதில் சொல்வீங்கன்னு ஒரு நாள் சொல்லுங்க, அந்த நாள்ல கண்டிப்பா கூப்பிடுங்க, பதில் அவங்களுக்குப் பிடிக்காததா இருந்தாலும் கூப்பிடுங்க. பாதி சண்டை "நாங்க சொன்னோம், யாரும் திரும்பிப் பேசவே இல்ல"ங்கிறதுலதான் வருது. டீச்சர கூப்பிட்டு பேரன்ட் முன்னாடி நிக்க வச்சு விசாரிக்கவே கூடாது, அந்த ஒரு தடவையோட உங்க ஸ்டாஃப் உங்கள விட்டுப் போயிரும்.

குழந்தைங்க பாதுகாப்புல மட்டும் சொந்த புத்திய உபயோகிக்காதீங்க. ஒரு குழந்தை வந்து ஏதாவது சொல்லுதுன்னா, நீங்களே விசாரணை பண்றது, "வெளிய சொல்லாத"ன்னு வாக்கு குடுக்குறது, சம்பந்தப்பட்டவர கூப்பிட்டு கேக்குறது எதுவும் கூடாது. குழந்தை சொன்ன வார்த்தையிலேயே எழுதணும், சட்டம் யாருக்கு சொல்லச் சொல்லுதோ அவங்களுக்கு அன்னைக்கே சொல்லணும். இந்தியாவுல குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டம் 2012ல வந்துச்சு, தகவல் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குற்றம், ஸ்கூல் பேரு கெட்டுரும்னு மேனேஜ்மென்ட் சொல்றதெல்லாம் அங்க நிக்காது. நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் அங்க சட்டம் என்ன சொல்லுதுன்னு டீச்சரா இருக்கும்போதே படிச்சு வைங்க.

பணம்னா பயப்பட ஒண்ணும் இல்ல. பெரும்பாலான ஸ்கூல்ல செலவுல பெரிய பங்கு சம்பளம்தான், அதனால எத்தன செக்‌ஷன், எத்தன டீச்சர்ங்கிற அந்த டைம்டேபிள் கணக்கு தெரிஞ்சாலே பட்ஜெட்டுல பாதி தெரிஞ்ச மாதிரி. மிச்சத்துக்கு ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் பாக்குறவங்ககிட்ட மரியாதையா போய் உக்காந்து கேளுங்க, யாரும் கேக்குறதே இல்ல, சந்தோஷமா சொல்லிக்குடுப்பாங்க.

மேல படிக்கிறது

எம்.எட்., எம்.ஏ. எஜுகேஷன், லீடர்ஷிப் டிப்ளோமா எல்லாம் நல்லதுதான், ஆனா டிகிரி முடிச்ச கையோட படிக்காம நாலஞ்சு வருஷம் வேலை பாத்துட்டுப் படிச்சா ஒவ்வொரு பேப்பருக்கும் உங்ககிட்ட ஒரு உதாரணம் இருக்கும், படிச்சது ஒட்டும். அரசு வேலையில சில பதவி உயர்வுக்கு எந்த டிகிரி வேணும்னு ரூல் இருக்கும், அத மட்டும் முன்கூட்டியே பாத்து வச்சுக்கங்க. ஆன்லைன் கோர்ஸ் சேருறதுக்கு முன்னாடி அந்த டிகிரிய உங்க ஊர் கல்வித்துறை ஏத்துக்குதான்னு எழுத்துல வாங்கிக்கங்க, அட்மிஷன் ஆபீஸ்ல வாய்ல சொல்றது செல்லாது. இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் லட்சியம்னா ஐ.பி., அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியட் பாடத்திட்டத்துக்கான ட்ரெய்னிங் உதவும், 1968ல ஜெனிவாவுல ஆரம்பிச்ச அமைப்பு அது, இப்ப உலகம் பூரா ஸ்கூல் இருக்கு, ஒரு நாட்டுல வாங்குன அனுபவம் இன்னொரு நாட்டுலயும் மதிக்கப்படும்.

வைஸ் பிரின்சிபால், ஹெச்.எம். இன்டர்வியூ

அங்க "உங்க விஷன் என்ன?"ன்னு கேப்பாங்க, எல்லாரும் ஹோலிஸ்டிக் டெவலப்மென்ட்னு ஆரம்பிப்பாங்க, பேனல் டீ குடிக்க ஆரம்பிச்சிரும். நீங்க அந்த ஃபைல திறங்க. "எட்டாவது சயின்ஸ்ல இந்தக் கேள்விய பாதிப் பேர் விட்டுருந்தாங்க, நாலு டீச்சர் சேந்து இப்படி மாத்துனோம், அடுத்த டெர்ம் இவ்வளவு பேர் எழுதுனாங்க, இதுல இது சரியா வரல"ன்னு சொல்லுங்க. நீங்க மட்டும் செஞ்சத விட, உங்களால இன்னொரு டீச்சர் செஞ்சத சொல்றதுதான் அங்க எடுபடும்.

நீங்களும் அவங்கள கேளுங்க. டீச்சர எடுக்குறதும் நிறுத்துறதும் யாரு முடிவு? எவ்வளவு தொகை வரைக்கும் நான் கையெழுத்து போடலாம்? போன மூணு வருஷத்துல எத்தன ஹெச்.எம். மாறிருக்காங்க? கடைசிக் கேள்விக்கு பதில் மூணுன்னு வந்தா, நாலாவதா நீங்க போறதுக்கு முன்னாடி அந்த மூணு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது பேசிருங்க. பதவிப் பேரு பெருசா இருந்து அதிகாரம் ஒண்ணும் இல்லாத நாற்காலிக்கு, நல்ல ஸ்கூல்ல சப்ஜெக்ட் ஹெட்டா இருக்குறது எவ்வளவோ மேல்.

கிடைச்சு சேந்துட்டீங்கன்னா முதல் டெர்ம் யூனிஃபார்ம், லோகோ, அசெம்ப்ளி எதையும் தொடாதீங்க. ஸ்டாஃப் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாத்து "இங்க எது மாறக்கூடாது, எது மாறணும்?"னு ரெண்டே கேள்வி கேளுங்க, ஆபீஸ் ஸ்டாஃப், கிளீனிங் பண்றவங்க, பஸ் ஓட்டுறவங்களையும் சேத்து. பத்து பேர் ஒரே குறைய சொன்னா அத முதல்ல சரி பண்ணுங்க, பெரும்பாலும் அது ஏதோ ஓடாத ஜெராக்ஸ் மெஷினா இருக்கும். வாரத்துக்கு ரெண்டு பீரியடாவது நீங்களும் பாடம் எடுங்க, அந்த கிளாஸுக்கு யாரு வேணாலும் வந்து உக்காரலாம்னு சொல்லிருங்க.

ஹெச்.எம். நாற்காலி வேண்டாம்னு தோணுனா

அதுவும் நடக்கும், தப்பே இல்ல. நல்ல டீச்சர் எல்லாரும் அட்மினுக்குப் போயே ஆகணும்னு யாரு சொன்னது? கிளாஸ்லயே இருந்து மென்டார் டீச்சர் ஆகலாம், டீச்சர் ட்ரெய்னிங் காலேஜுக்குப் போகலாம், பாடப்புத்தகக் குழு, கேள்வித்தாள் எடுக்குற போர்டு, சிறப்புக் கல்வி, கல்வித்துறை, தொண்டு நிறுவனம், ஆன்லைன்ல பாடம் விக்கிற எட்டெக் கம்பெனின்னு நிறைய கதவு இருக்கு. எட்டெக்ல சம்பளம் நல்லா இருக்கும், ஆனா சேல்ஸ் வேலைக்கு "அகாடமிக் கவுன்சலர்"னு பேரு வச்சிருப்பாங்க, ஆஃபர் லெட்டர்ல டார்கெட்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடிப் பாருங்க. பாடத்திட்டம், அசெஸ்மென்ட் மாதிரி வேலைங்களுக்கு பெரும்பாலும் சாம்பிள் கேப்பாங்க, அதனால நீங்க எடுத்த ஒரு கேள்வித்தாள், ஒவ்வொரு கேள்வியும் எதுக்குன்னு ஒரு வரி, எந்தத் தப்பான பதில எத்தன பேர் எழுதுனாங்க, அதுல இருந்து என்ன தெரிஞ்சுதுன்னு பசங்க பேர எடுத்துட்டு ஒரு செட் ரெடியா வச்சுக்கங்க.